மரத்துப் போன காலும் தேடுபொறியும்

சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்குச் சில வாரங்களாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கைபேசியை எடுத்து, வாயில் வருகிறபடியே ‘கால் மரத்து போகுது என்ன செய்யணும்’ என்று தட்டுகிறார். அவர் ஊருக்கு அருகிலேயே ஒரு மருத்துவமனை. அதன் இணையதளத்தில், நரம்பியல் மருத்துவர் ஒருவர் இதே தொல்லையைப் பற்றிப் பொறுப்போடு எழுதிய கட்டுரை இருக்கிறது. தலைப்பு, ‘நீரிழிவுசார் புற நரம்புச் சிதைவு: ஓர் அறிமுகம்’. தேடியவர் கண்ணில் அது படவே இல்லை. அவருக்குக் கிடைத்தது, ஒரே செய்தியைப் பத்து வரிகளில் திருப்பித் திருப்பிச் சொல்லி, இடையிடையே விளம்பரம் நிரப்பிய ஒரு பக்கம்.

இப்படி நடப்பதைப் பார்க்கிற பலர், மனிதருக்கு எழுதுவது வேறு, தேடுபொறிக்கு எழுதுவது வேறு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எந்திரத்துக்காகச் சில சொற்களை அங்கங்கே தூவிவிட வேண்டும், அதில் நடை கெட்டாலும் வேறு வழியில்லை என்கிறார்கள். இந்த முடிவு தவறு. ஏன் தவறு என்று காண, எந்திரம் ஒரு பக்கத்தை எப்படிப் படிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் பொத்தானை அழுத்திய பிறகு தேடுபொறி இணையமெங்கும் ஓடித் தேடுவதில்லை. அந்த வேலை முன்னமே முடிந்துவிட்டது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே போகும் நிரல்கள், கிடைத்த பக்கங்களையெல்லாம் படியெடுத்து வைக்கின்றன. பிறகு ஒவ்வொரு பக்கமும் சொல் சொல்லாகப் பிரிக்கப்படுகிறது. ‘இந்தப் பக்கத்தில் இன்னின்ன சொற்கள்’ என்று இருப்பதைத் திருப்பிப் போட்டு, ‘இந்தச் சொல் இன்னின்ன பக்கங்களில், இன்னின்ன இடங்களில்’ என்று பட்டியல் தயாராகிறது. நல்ல ஆய்வு நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு இதேதான். கணினியாளர்கள் இதைத் தலைகீழ் அடைவு என்கிறார்கள். கேள்வி வந்ததும், ‘கால்’ என்ற பட்டியலையும் ‘மரத்து’ என்ற பட்டியலையும் எடுத்து, இரண்டிலும் இருக்கிற பக்கங்களைப் பொறுக்கினால் போதும். கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வருவதன் சூட்சுமம் இது.

மருத்துவரின் கட்டுரையில் ‘பாதம்’ இருந்தது, ‘உணர்விழப்பு’ இருந்தது. ‘மரத்து’ இல்லை. அதனால் அந்தப் பட்டியலில் அதன் பெயரே இல்லை. தரம் குறைந்ததால் அது தோற்றுவிடவில்லை. போட்டிக்கே அது வரவில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு சுற்று அதிகம். நம் சொற்கள் வேற்றுமை உருபையும் சாரியையையும் ஏற்று உருமாறிக்கொண்டே இருப்பவை. ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தை’, ‘மரத்தில்’, ‘மரங்களுக்கு’ எல்லாமே வேண்டும். எனவே விகுதிகளை வெட்டி அடிச்சொல்லைப் பிடிக்கும் மென்பொருள்கள் எழுதப்படுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் மென்பொருளிடம் ‘மரத்து’ என்று கொடுத்தால், அதை ‘மரம்’ என்றே எடுத்துக்கொள்ளும். மரத்துப் போன கால் மாமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே போய் நிற்கும். ‘சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில்’ என்பதிலும் ‘மதுரையிலிருந்து சென்னைக்கு ரயில்’ என்பதிலும் உருபுகளை உரித்துவிட்டால் மிஞ்சுவது அதே மூன்று சொற்கள். பயணம் தலைகீழாகிவிடும். வெட்டாமல் விட்டால் பக்கங்கள் நழுவுகின்றன, வெட்டினால் பொருள் நழுவுகிறது.

அடைவு பக்கங்களைப் பொறுக்கித் தருகிறது. ஆயிரக்கணக்கில் கிடைத்தால் எதை முதலில் காட்டுவது? அதற்கு ஒரு பழைய, அழகான யோசனை உண்டு. கேம்பிரிட்ஜில் இருந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் அதை முன்வைத்தார். எல்லா ஆவணங்களிலும் வருகிற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லே அடையாளம் தரும். ‘கால் மரத்து போகுது என்ன செய்யணும்’ என்பதில் ‘என்ன’ என்பதற்கு மதிப்பு மிகக் குறைவு, ‘மரத்து’ என்பதற்கு மிக அதிகம். அரிதாக இருப்பதாலேயே ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் இந்த மதிப்பை ‘அருமை எடை’ என்று சொல்லலாம். அரியது, மதிப்புள்ளது என்ற இரண்டு பொருளும் தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. அரை நூற்றாண்டு கழித்தும் தேடல் மென்பொருள்களில் இந்த யோசனை உயிரோடு இருக்கிறது.

அருமையான சொல்லைக் கண்டுபிடித்து ஐம்பது முறை எழுதிவிட்டால்? இணையதளக்காரர்கள் இதைத்தான் செய்யத் தொடங்கினார்கள். ‘கால் மரத்துப் போவது ஏன்? கால் மரத்துப் போவதற்கான காரணம் என்ன? கால் மரத்துப் போனால் என்ன செய்வது?’ என்று ஒரே பத்தியில் அடுக்கும் சொல்திணிப்பு இன்றும் தமிழ்ப் பக்கங்களில் மலிந்து கிடக்கிறது. ஆனால் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ராபர்ட்சனும் சக ஆய்வாளர்களும் 1990களின் நடுவிலேயே இதற்கு அணை போட்டுவிட்டார்கள். பிஎம்25 என்ற அவர்களுடைய தர வரிசை முறையில், ஒரு சொல் முதல் முறை வரும்போது பக்கத்துக்குக் கிடைக்கும் மதிப்பு பெரிது. இரண்டாம் முறைக்கு அதைவிடக் குறைவு. பத்தாவது முறைக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. பக்கம் நீள நீள அதற்கும் கழிவு உண்டு. திணிப்பதால் எந்திரத்திடமும் பெரிதாக எதுவும் கிடைக்காது, படிப்பவர் பொறுமையும் போய்விடும்.

ஒரு தேடல் முறை நல்லது, இன்னொன்று அவ்வளவு நல்லதல்ல என்று எப்படித் தெரியும்? தேடலை அளந்து பார்க்கலாம் என்று காட்டியவர் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில், வானூர்திக் கல்லூரி நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன். 1960களில் அவர் வானூர்தி இயல் குறித்த 1400 ஆய்வுக்கட்டுரைகளைத் திரட்டினார். ஆய்வாளர்களிடமே, ‘எந்தக் கேள்வி உங்களை இந்த ஆய்வுக்குக் கொண்டுவந்தது?’ என்று கேட்டு 200க்கும் மேற்பட்ட கேள்விகளைச் சேர்த்தார். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தெந்தக் கட்டுரை பொருத்தமானது என்று மனிதர்களைக் கொண்டே குறிக்கச் செய்தார். அதன்பின் எந்தத் தேடல் முறையைக் கொண்டுவந்தாலும், பொருத்தமானவற்றில் எத்தனையை அது பிடிக்கிறது, பிடித்தவற்றில் எத்தனை பொருத்தமானவை என்று எண்ணிவிடலாம். தேடுபொறிகளைச் சோதிக்கும் அடிப்படை முறை இன்றும் இதுதான்.

அந்தச் சோதனையின் முடிவு நூலகத் துறையையே திகைக்க வைத்தது. வல்லுநர்கள் உட்கார்ந்து வகுத்த செம்மையான வகைப்பாட்டுச் சொற்களைவிட, கட்டுரைகளில் இயல்பாக வரும் தனிச்சொற்கள் நன்றாக வேலை செய்தன. கிளெவர்டனே இதை எதிர்பார்க்கவில்லை. எந்திரத்துக்கென்று தனிமொழி தேவையில்லை என்பதற்கான முதல் ஆதாரமாக நான் இதைத்தான் பார்க்கிறேன்.

சொற்களை எண்ணுவதோடு நின்றால் ஏமாற்றுவது எளிது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நூறு சொற்களை ஒளித்து வைத்த பக்கங்கள் ஒரு காலத்தில் ஏராளம். 1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும், பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட மற்றப் பக்கங்கள் அதைப் பற்றிச் சொல்வதை நம்பலாம் என்ற வழியை எடுத்தார்கள். நம் வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கும்போது நடப்பது இதுதான். பையன் வீட்டார் சொல்வதைக் கேட்டுக்கொள்வோம், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க மாட்டோம். அந்தத் தெருவில் விசாரிப்போம். சொல்பவர் எல்லோருக்கும் ஒரே மதிப்பும் கிடையாது. ஊரில் பலர் மதிக்கும் ஆசிரியர் ஒருவர் ‘நல்ல பையன்’ என்றால் அந்த ஒரு சொல் பத்துப் பேர் சொல்லுக்குச் சமம். அந்த ஆசிரியரின் மதிப்போ, அவரை யார் யார் மதிக்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறது. பக்கங்களுக்கு இடையேயான இணைப்புகளை இப்படிப்பட்ட பரிந்துரைகளாக எடுத்துக்கொண்டு, எல்லாப் பக்கங்களின் மதிப்பையும் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கணக்கிடுவதே பேஜ்ரேங்க். ஆய்விதழ்களில் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டுவதை எண்ணும் பழைய வழக்கம்தான் இதற்கு மூலம்.

இணைப்பு எந்தச் சொல்லில் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ‘சர்க்கரை நோயாளிகள் பாதத்தைக் காப்பது எப்படி’ என்ற சொற்களில் கட்டிய இணைப்பு, போகும் இடத்தைப் பற்றி எந்திரத்துக்குத் தகவல் தருகிறது. ‘இங்கே சொடுக்கவும்’ என்ற இணைப்பு எதையும் சொல்வதில்லை. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகப் பக்கத்தின் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பதுண்டு. ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று அவர்கள் காதில் விழும் பக்கங்கள் இன்னமும் எழுதப்படுவது வருத்தமளிக்கிறது. எந்திரத்துக்கும் மனிதருக்கும் நன்மை ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

ஏமாற்றும் வழிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. பக்கத்தின் தலைப்பகுதியில், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதும் குறிச்சொற்பட்டியலைத் தர வரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இல் அறிவித்தது. 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றம் வந்தது. நான்கு தளங்களிலிருந்து சுரண்டி ஒட்டிய மேலோட்டமான பக்கங்கள் அதில் சரிந்தன. அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழ 12 சதவீதம் அதனால் மாறியது. ஆனாலும் இன்றுவரை அந்தக் குறிச்சொற்பட்டியலை நிரப்பித் தருவதற்குக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்திரத்தின் பக்கம். மருத்துவரின் கட்டுரை கண்ணில் படாமல் போனதற்கு ஆழமான காரணம் மனிதரிடத்தில் இருக்கிறது. 1987இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபர்னஸ், தாமஸ் லாண்டவர், லூயி கோமெஸ், சூசன் டுமே ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்கு தெரிந்த பொருள்களை, சமையல் குறிப்புகளை, கணினியில் செய்யும் சின்னச் சின்ன வேலைகளைக் காட்டி, ‘இதை என்ன பெயரிட்டு அழைப்பீர்கள்?’ என்று பலரிடம் கேட்டார்கள். இரண்டு பேர் தனித்தனியே ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தது. மூளையைக் கசக்கி மிகச் சிறந்த ஒரே சொல்லைக் கண்டுபிடித்தாலும் பெரும்பாலானவர்கள் வேறு சொல்லோடுதான் வந்து நிற்பார்கள். சொல்லை மேலும் செம்மையாக்குவதால் இது தீராது, ஒரு பொருளுக்குப் பல வாசல்கள் வைப்பதே வழி என்று அவர்கள் முடித்தார்கள்.

தமிழில் இதை ஒரே நோயை வைத்துப் பார்த்துவிடலாம். ‘நீரிழிவு’ என்பது பாடநூலில் உள்ள சொல். ‘சர்க்கரை நோய்’ என்பது செய்தித்தாளில் வருவது. வீட்டில் பேசுவது ‘சுகர்’, ‘சக்கரை வியாதி’. இலங்கையில் ‘சலரோகம்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மரத்துப் போவதற்கு ‘மதமதப்பு’ என்பார் ஒருவர், ‘உணர்ச்சியே இல்லை’ என்பார் இன்னொருவர், ‘பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு’ என்பார் மூன்றாமவர். நோயின் பெயரே தெரியாதவரும் உண்டு. அவர் கேள்வியில் அறிகுறி மட்டும்தான் இருக்கும். துறைக்குள்ளேயே வாழ்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது முடிவின் பெயர். வெளியிலிருந்து வருபவர் கையில் இருப்பது தொல்லையின் பெயர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் தமிழில் எழுதப்பட்ட நல்ல அறிவுக் கட்டுரைகள் காணாமல் போகின்றன என்பது என் கணிப்பு.

இதைச் சரிசெய்ய எல்லாப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் அடுக்க வேண்டியதில்லை. ‘சர்க்கரை நோய் பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால், கால் விரல்களில் மதமதப்பு தொடங்கும். பாதம் மரத்துப் போகும், பஞ்சின் மேல் நடப்பது போலிருக்கும். நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்படுவதன் அறிகுறி இது’ என்று முதல் பத்தியை எழுதலாம். படிப்பவருக்கு இது தன் கதை. அடைவுக்கு ஐந்தாறு பட்டியல்களில் இடம். மருத்துவருக்கும் தன் துறைச்சொல் பத்திரமாக இருக்கிறது, முன்னால் மூன்று சாதாரணச் சொற்கள் அதற்கு விளக்கமாக வந்திருக்கின்றன.

அப்படி எழுதுவதன் இன்னொரு பயனைப் புதிய தேடுபொறிகள் காட்டுகின்றன. ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து கணித்து, அதன் பொருளை எண்களின் வரிசையாக மாற்றிக்கொள்ளும் முறைகள் 2013 முதல் வேகமெடுத்தன. 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பு, ஒரே சொல்லுக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் வெவ்வேறு எண் வரிசை கொடுக்கும் ஆற்றலைத் தந்தது. அதன் வழிவந்த பெர்ட் என்ற மாதிரியை 2019 அக்டோபரில் கூகுள் தன் தேடலில் சேர்த்தது. ஒரு நாட்டிலிருந்து போவதா, அந்த நாட்டுக்கு வருவதா என்பதைச் சிறு இடைச்சொல்லை வைத்துப் பிரித்தறிவது அதன் சிறப்பு. நம் சென்னை-மதுரைச் சிக்கலும் அதே வகைதான். ‘விரல்’, ‘பாதம்’, ‘ஊசி குத்துவது போல’, ‘நரம்பு’ என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால், அங்கே வரும் ‘மரத்து’ வேப்பமரத்தைக் குறிக்காது என்று இப்படிப்பட்ட மாதிரி கணித்துவிடும். நிறைவாக எழுதிய பத்தியில் இந்தத் துணைச்சொற்கள் தாமாகவே வந்துவிடும். ஒரே சொற்றொடரைத் திருப்பித் திருப்பி எழுதிய பக்கத்தில் அவை இருக்காது.

படிப்பவர் தேடல் முடிவிலிருந்து உள்ளே வந்த பிறகு என்ன செய்கிறார்? ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் 1997இல் இதைச் சோதித்தார்கள். புதிய பக்கத்துக்கு வந்தவர்களில் 79 சதவீதத்தினர் கண்ணை ஓடவிட்டார்கள். வரி விடாமல் படித்தவர்கள் 16 சதவீதம்தான். பிறகு நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலாவைப் பற்றி ஒரே தகவலை ஐந்து நடைகளில் எழுதிப் பார்த்தார்கள். சுருக்கமாக எழுதியபோது பயன்பாடு 58 சதவீதம் கூடியது. உட்தலைப்புகளும் பிரிவுகளும் வைத்து எழுதியபோது 47 சதவீதம். விளம்பரப் பெருமைகளை மட்டும் நீக்கியபோது 27 சதவீதம். மூன்றையும் சேர்த்தபோது 124 சதவீதம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த 27. ‘உலகத் தரம் வாய்ந்த’, ‘ஈடு இணையற்ற’ என்ற சொற்களைப் படிக்கிறவர் சும்மா தாண்டிப் போவதில்லை. உண்மை எது, பெருமை எது என்று பிரித்தெடுக்க மனம் உழைக்கிறது. அந்த உழைப்பு படிப்பதிலிருந்து கழிகிறது.

மனிதர் எதைத் திறக்கிறார் என்பதைத் தேடுபொறி பார்த்துக் கற்கலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தோர்ஸ்டன் யோக்கிம்ஸும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களின் கண் அசைவுகளைக் கருவியால் பதிவு செய்தார்கள். தேடல் முடிவுகளின் வரிசையை அவர்களுக்குத் தெரியாமல் புரட்டிக் கொடுத்தபோதும், மேலே இருப்பதையே அவர்கள் அதிகம் திறந்தார்கள். திறந்ததை அப்படியே எண்ணினால், முதலில் வந்தது முதலிலேயே நிலைத்துவிடும்.

தமிழில் எழுதுபவர் கவனிக்க வேண்டிய ஓர் இடர் எழுத்துருவில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பக்கம் நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்குள் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருவில் செய்த கோப்புகளும், படமாக ஏற்றிய அறிவிப்புகளும் இன்னும் புழங்குகின்றன. யூனிகோடிலும் கண்ணி உண்டு. ‘ஔவையார்’ என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாகத் தட்டுபவரும், ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுபவரும் திரையில் ஏறக்குறைய ஒன்றையே பார்க்கிறார்கள். அடைவில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். படமாகப் போட்டே ஆக வேண்டிய அறிவிப்போடு அதே செய்தியை மாற்று உரையாக எழுதிவைத்தால், எந்திரமும் திரைவாசிப்பானும் அதைப் படிக்கும்.

படிப்பவரின் சொற்களை எங்கே போய்க் கேட்பது? தளம் நடத்துபவருக்கு ஒரு நேரடி வழி இருக்கிறது. எந்தெந்தக் கேள்விகளில் தம் பக்கம் முடிவுகளில் தோன்றியது என்ற பட்டியலைக் கூகுள் தன் சர்ச் கன்சோலில் இலவசமாகத் தருகிறது. பக்கம் பல முறை தோன்றியும் யாரும் திறக்காத கேள்விகளை அதில் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை பக்கத்தில் உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் தலைப்பு அதைச் சொல்கிறதா என்று சரிபார்க்கலாம். விடை இல்லையென்றால், யாரும் இன்னும் எழுதாத ஒரு பத்தி அங்கே காத்திருக்கிறது.

அப்படிப்பட்ட பத்திகளுக்கு இப்போது தேவை கூடியிருக்கிறது. எந்திரத்தைக் கொண்டே ஆயிரக்கணக்கில் பக்கங்களை உற்பத்தி செய்து தேடலில் இடம் பிடிக்கும் பழக்கம் பெருகியதால், 2024 மார்ச்சில் கூகுள் அதற்கு எதிராகத் தன் விதிகளை இறுக்கியது. அந்தப் பக்கங்கள் ஏற்கெனவே எழுதப்பட்டதைக் கலந்து தருகின்றன. மருத்துவமனையில் பாதச் சோதனை செய்யும் செவிலியர் ஒருவருக்கோ எங்கும் எழுதப்படாத செய்திகள் தெரியும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, வளையும் அளவுக்கு அழுத்தினால் 10 கிராம் விசை தரும் நைலான் இழையைப் பாதத்தின் இன்னின்ன இடங்களில் வைப்பார். எந்த இடத்தில் பெரும்பாலோர் ‘தெரியல’ என்கிறார்கள், காய்ப்பு இருக்கும் இடத்தை ஏன் தவிர்க்க வேண்டும், வீட்டுக்குப் போனதும் செருப்புக்குள் கையைவிட்டுக் கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் எத்தனை பேர் அதை மறந்துவிடுகிறார்கள் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் தன் நோயாளிகளிடம் பேசும் சொற்களிலேயே இதை எழுதி, ‘கால் மரத்துப் போகிறதா? பாதச் சோதனை இப்படித்தான் நடக்கும்’ என்று தலைப்பு வைத்து, யூனிகோடில் ஏற்றிவிட்டால் போதும். எந்திரத்துக்கென்று அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.